வாசகனின் வாயும் கலெக்டரின் கையெழுத்தும்: எண்ணூர்க் கருத்துக்கேட்பை முன்வைத்து

ஆசிரியன் செத்துப்போனான் என்று ரொலான் பார்த் 1967-ல் எழுதியதை நம் சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டன. அந்தச் சாவுக்கு ஈடாகப் பிறக்க வேண்டிய வாசகன் பிறந்தானா என்று போய்ப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களும் நாவல் வாசகனையும் கவிதை வாசகனையும்தான் பார்த்தார்கள். வடசென்னைக்காரர்களின் தலைமேல் எழுதப்படும் பிரதிகள் வேறு. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி அனல்மின் நிலையமோ துறைமுகமோ வருவதற்கு முன்பு 'சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை' என்று ஒன்று எழுதப்படுகிறது. பல நூறு பக்கம். ஆறும் கடலும், குப்பமும் அதன் சனமும் அதில் கதாபாத்திரங்கள். நாவலுக்கு இல்லாத ஒரு வசதி இந்தப் பிரதிக்கு உண்டு. அதன் கதாபாத்திரங்களையே வாசகர்களாக்கி, அவர்கள் கருத்துச் சொல்ல நாள் குறித்து மைக்கும் பந்தலும் போட்டுத் தருகிறது சட்டம்.

அப்புறமும் கருத்து போய்ச் சேருவதில்லை. எங்கேயோ நின்றுபோகிறது. மோட்டார் ஓடவில்லை என்றால் மெக்கானிக் எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றமாட்டார். கரண்ட் வருதா என்று பார்ப்பார், ஒயரைப் பிடித்துக்கொண்டே போவார். நாம் 'எல்லாம் கண்துடைப்பு' என்று ஒரே வார்த்தையில் மோட்டாரைத் தூக்கி வெளியே போட்டுவிடுகிறோம்.

ஒயரைப் பிடித்துப் போவோம். 1994 சனவரியில் வந்த மதிப்பீட்டு அறிவிக்கையில் மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமாக இருக்கவில்லை. 1997 ஏப்ரலில்தான் அது சேர்ந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ஆம் தேதிய அறிவிக்கையும் அதன் திருத்தங்களும். அதில் சில திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பே கிடையாது. பாதுகாப்புத் துறை சார்ந்தவை, 'கேந்திர முக்கியத்துவம்' என்று மத்திய அரசு சொல்பவை, ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய தொழிற்பேட்டைக்குள் வருபவை என்று ஒரு பட்டியல். 2025 செப்டம்பரில் அணுக் கனிமம், முக்கியக் கனிமச் சுரங்கங்களும் இந்தப் பட்டியலில் ஏறின. இங்கே கரண்டே இல்லை.

அடுத்தது மொழி. முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் வருவது சுருக்கம். எழுதியவர் திட்டக்காரரிடமே கூலி வாங்கும் ஆலோசகர். (ரத்னகிரிப் பக்கம் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்க அறிக்கையிலிருந்து பகுதிகள் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது அம்பலமானது. இடைப்பிரதித்தன்மைக்கு உதாரணம் தேடும் நண்பர்கள் கவனிக்கலாம்.) மொழி விஷயத்தில் 2020 இன்னும் பச்சையாக இருந்தது. அறிவிக்கையையே மாற்றும் வரைவு ஊரடங்குக் காலத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. எட்டாவது அட்டவணை மொழிகளில் பெயர்க்கச் சொல்லி தில்லி உயர்நீதிமன்றம் 2020 ஜூன் 30-ல் உத்தரவிட்டு, கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்ட வேண்டி வந்தது. கருத்துக்கேட்புக்கான முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 ஆகக் குறைக்கப் பார்த்த வரைவு அது. கருத்து அனுப்புங்கள் என்று கூப்பிட்டது அமைச்சகம். மின்னஞ்சல்கள் குவிகின்றன என்று புகார் கொடுத்தது அதன் அமைச்சர். மாணவர் இயக்கம் ஒன்றின் தளத்தை முடக்கச் சொன்ன தில்லிப் போலீஸ் நோட்டீசில் ஊபா சட்டம் இருந்தது. தவறுதலாகப் போய்விட்டது என்று பிறகு திரும்பப் பெற்றார்கள். வாசகர் கடிதம் எழுதியதற்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம். இதற்குமேல் விளக்கவுரை வேண்டாம்.

எண்ணூரில் இவ்வளவு பட்டவர்த்தனமாக நடப்பதில்லை. அதனால்தான் இங்கே கவனமாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வாசகர்கள் யார்? பிரதியை உடம்பால் வாசிப்பவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றில் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பத்துச் சனம் தெருவுக்கு ஓடி வந்தது. அறிக்கையில் பின்னிணைப்பாக வரும் விஷயம் இவர்களுக்கு மூக்கில் ஏறுகிறது. அடுத்த ஆண்டு டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்பு நடந்தபோது எதிர்ப்பு பலமாகவே ஒலித்தது. மைக் கிடைக்காமல் இல்லை. ஆக, வாய் அடைபட்டிருக்கவில்லை.

அடைப்பு இருப்பது எழுத்தில். 2006 அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்பை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் திட்டம் குறித்துத் தகவலோ விளக்கமோ கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அது. வினைச்சொல்லைக் கவனியுங்கள்: கேட்க. மறுக்க அல்ல. வாசகனுக்கு வினாக்குறி கொடுத்திருக்கிறார்கள், முற்றுப்புள்ளி கொடுக்கவில்லை. மக்கள் எழுப்பிய பிரச்சினைகளுக்கும் அவற்றுக்குத் திட்டக்காரர் தரும் பதில்களுக்கும் ஓர் அறிக்கை தயாரித்து இணைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இது வழக்கத்தில் கட்டம் போட்ட அட்டவணையாகிவிடுகிறது. இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் பதில். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதிதான் கூட்டத்தின் சுருக்கத்தை எழுதுகிறார். ஆசிரியன் சாகவில்லை, வேறு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான்.

பழவேற்காட்டுப் பக்கம் 'பாடு' என்று ஒரு சொல் உண்டு. ஏரியில் வலை போடும் இடம், இன்ன நாளில் இன்னார் போடலாம் என்கிற முறை, அந்த முறையில் ஒருவருக்குள்ள உரிமை எல்லாம் சேர்ந்தது அது. துன்பம் என்ற பொருளும் தமிழில் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'எங்க பாடு போயிடும்' என்று ஒரு மீனவர் எழுந்து சொன்னால் அது சொத்துரிமை பற்றிய வாக்குமூலம். அட்டவணைக்குள் போனதும் அது 'வாழ்வாதாரம் பாதிக்கப்படும் என அச்சம் தெரிவித்தார்' என்று ஆகிவிடுகிறது. உரிமை அச்சமாக மொழிபெயர்க்கப்பட்டாயிற்று. அச்சத்துக்குப் பதில் சொல்வது சுலபம்: 'விதிமுறைகள் பின்பற்றப்படும்'. 'ஆத்துல கால வெச்சா சேறு இல்ல, சாம்பல்தான்' என்று ஒரு அம்மா சொன்னால் அது கள ஆய்வு. பக்கத்தில் அது 'மாசு குறித்துக் கவலை'. தமிழ் எம்.ஏ.வில் எங்களுக்கு அணியிலக்கணம் நடத்தினார்கள். இந்த அணிக்குப் பெயர் எந்த நூலிலும் இல்லை.

கூட்டத்தையே நடக்கவிடாமல் செய்வதுதான் வழி என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் அதானி திட்டத்துக்குக் கருத்துக்கேட்பு 2021 சனவரி 22 என்று அறிவித்துத் தள்ளிப்போட்டார்கள். 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி அறிவித்து மறுபடியும் தள்ளிப்போட்டார்கள். ஒவ்வொரு ஒத்திவைப்பையும் நாம் கொண்டாடினோம். திட்டத்துக்குத் தாமதம் வந்தது, உண்மை. ஆனால் ஒத்திவைப்பு எந்தப் பதிவையும் உண்டாக்குவதில்லை. சட்டம் இங்கே நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருக்கிறது. கூட்டம் தொடங்க இத்தனை பேர் இருக்க வேண்டும் என்கிற குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் கிடையாது. நாம் புறக்கணித்தால் காலி நாற்காலிகளோடு நடந்த கூட்டமும் கூட்டம்தான். உள்ளூர் நிலைமை காரணமாக மக்கள் சுதந்திரமாகப் பேசும்படி நடத்த முடியவில்லை என்று வாரியம் அறிக்கை கொடுத்தால், கூட்டமே வேண்டாம் என்று ஒழுங்குமுறை அதிகாரம் முடிவெடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். நம் கூச்சலைக்கூட அவர்கள் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடியும்.

அதே பின்னிணைப்பில் நாம் வாசிக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. கூட்டச் சுருக்கம் எல்லாக் கருத்துகளையும் துல்லியமாகக் காட்ட வேண்டும். கூட்ட முடிவில் அதை உள்ளூர் மொழியில் விளக்கிப் படித்துக்காட்ட வேண்டும். ஒப்புக்கொள்ளப்பட்ட நடவடிக்கைக் குறிப்பில் கலெக்டரோ அவர் பிரதிநிதியோ அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். 'ஒப்புக்கொள்ளப்பட்ட' என்றால் யார் ஒப்புக்கொண்டது? அந்த நேரத்தில் பந்தலில் இருப்பவர்கள். விடியலில் காசிமேட்டுக்கு ஓட வேண்டியவர் போயிருப்பார். பள்ளிக்கூடம் விட்டுவந்த பிள்ளைக்குச் சோறு போட வேண்டியவர் போயிருப்பார். ஆவேசமாகப் பேசிவிட்டு நிருபர்களுக்குப் பேட்டி கொடுக்க வெளியே போன நம் எழுத்தாளர்களும் போயிருப்பார்கள். ஒயர் அறுந்திருக்கும் இடம் இதுதான் என்பது என் வாசிப்பு.

எழுதத் தெரிந்தவர்களுக்கு அங்கே பேசுவதைவிட வேறு வேலை இருக்கிறது. யாரோ ஒருவர் பந்தலில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் வாக்கியங்களை அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும், பாடு பாடாகவே இருக்கும்படி. அதையே ஆட்சேப மனுவாக்கி, பேசியவரின் கையெழுத்தோடு கொடுத்து, பெற்றதற்கு ஒப்புகை வாங்க வேண்டும். கடைசியில் குறிப்பைப் படிக்கும்போது இருந்து, விட்டுப்போனதைச் சொல்லித் திருத்தக் கேட்க வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அதையே எழுதிக் கொடுக்கலாம். நடவடிக்கைக் குறிப்பு உள்ளாட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட்ட பிறகு அதன்மேலும் கருத்து அனுப்பலாம் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கதவைத் தட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வாசகனைப் பற்றி இவ்வளவு பேசும் நம் பத்திரிகைகளும் கடிதப் பக்கத்தை எடிட் செய்யும் லட்சணத்தைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். நாலு பக்க மறுப்பு நாலு வரியாகி, கீழே ஆசிரியரின் எட்டு வரிப் பதிலோடு வருகிறது. அதுவும் இரண்டு பத்தி அட்டவணைதான்.

எர்ணாவூர்க் கூட்டத்தில் பேசிய ஒருவரை அண்மையில் கேட்டேன், உங்கள் பேச்சு பதிவில் எப்படி இருக்கிறது என்று. பேசினதோட சரி, பார்க்கல என்றார். பதிவை எடுத்துக்கொண்டு போய், பேசியவர்களுக்கே படித்துக்காட்டி, 'இது நீங்க சொன்னதுதானா?' என்று குப்பம் குப்பமாகக் கேட்க ஆள் வேண்டும்.