கடலோட்டுக் காதையும் கணினிக் கடலோட்டமும்

இளைஞர் பொழுதுபோக்கெனக் கொள்ளும் கணினி விளையாட்டொன்றை இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளல் தகுமோ என ஐயுறுவார் உளர். கதையும், கதைமாந்தரும், தொடக்கமும், முடிவும் எங்கு உளவோ அங்கெல்லாம் திறனாய்வுக்கு வேலை உண்டு என்பதே அவர்க்கு யாம் கூறும் விடை. வாவிக்கரை ஊர்களிற் கூத்தினைப் 'பார்த்தோம்' என்பதினும் 'ஆடினோம்' என்பதிற் பெருமை கண்டவர் நம் முன்னோர். தானே கதைத்தலைவனாய் நின்று ஆடும் இப்புதிய ஆட்டமும் அந்நோக்கில் நம் ஆராய்ச்சிக்கு உரியதே.

ஈண்டு எடுத்துக்கொண்ட விளையாட்டு, ருஷிய நாட்டு அகெல்லா நிறுவனத்தார் ஆக்கி 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'பைரட்ஸ் ஒப் த கரிபியன்' என்பதாகும். வேறொரு கடற்கதையின் இரண்டாம் பகுதியாகத் தொடங்கப்பெற்ற இது, அவ்வாண்டுத் திரைப்படத்தின் பெயரைப் பின்னர் ஏற்றது. கதையளவில் அப்படத்தோடு இதற்குள்ள உறவு சிறிதே. நதானியல் ஹோக் என்னும் கப்பற்றலைவன் ஒக்ஸ்பே துறைமுகத்தை விட்டு நீங்குங்கால் பிரெஞ்சுக் கப்பற்படை அதனைத் தாக்குகின்றது. அவன் தப்பிச்சென்று ஆங்கில ஆளுநன் சைல்ஹார்ட்டிடம் செய்தி கூற, ஆளுநன் அவனையே ஒற்றனாக்கி ஏவுகின்றான். ஏவியவனின் உள்ளக் கிடக்கை வேறென்பதை ஆடுவோன் மெல்லமெல்ல உணர்வதே மூலக்கதையின் சுவை.

காற்றின் திசையறிந்து பாய் விரித்தாலன்றி இவ்வாட்டத்திற் கலம் செல்லாது. சோழகத்துக்கும் கச்சானுக்கும் ஏற்பத் தொழிலை மாற்றிக்கொள்ளும் நம் கரைமக்கள் இதன் அருமையை எளிதில் உணர்வர்.

இம்மூலத்தோடு அமையாத ஆர்வலர் பலர் கூடி, ஊதியம் கருதாது, புதுக் கலங்களும் புதுக் காலங்களும் புதுக் கதைகளும் சேர்த்து 'நியூ ஹொரைசன்ஸ்' எனப் பெயரிட்டு வழங்கினர். இத்தகைய மாற்றத்தை 'மொட்' என்பர். இன்று இவ்வாட்டத்தில் ஹோக்கின் கதை பல கதைகளுள் ஒன்றே. சீ. எஸ். பொறெஸ்டர் 1937 முதல் எழுதிய நாவல்களின் தலைவனாகிய ஹோர்ன்புளோவரின் கதையையும் அதில் ஆடலாம்.

இவ்விடத்து நம் புலவருலகுக்குப் பழகிய வினாவொன்று எழுகின்றது. பிறர் ஆக்கிய நூலிற் புதுப்பகுதி சேர்த்தல் இடைச்செருகல் அன்றோ? ஏட்டைத் தூய்மை செய்யும் பதிப்பாசிரியர்க்கு இடைச்செருகல் பகையே. ஆயின் சேர்க்கை அனைத்தையும் அக்கண்கொண்டே நோக்குதல் பொருந்தாது. அதற்குச் சான்று நம் மண்ணிலேயே உண்டு.

வைகாசித் திங்களில் மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகை அம்மன் கோயில்களில் ஓதப்பெறும் 'கண்ணகி வழக்குரை', பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் பதிப்பாக 1968இல் அச்சேறியது. அதன்கண் உள்ள கடலோட்டுக் காதை சிலப்பதிகாரத்தில் இல்லை. இளங்கோவடிகள் காவியத்திற் பாண்டிமாதேவியின் சிலம்புப் பரல் முத்து. கண்ணகியின் சிலம்புப் பரல் மாணிக்கம். வழக்கின் முடிவே அம்மணியில் தங்கியுள்ளது. அம்மணி வந்த வழியை அடிகள் கூறினாரல்லர். அவர்க்கு அது வேண்டப்படவும் இல்லை. கடலாற் சூழப்பட்ட நாட்டில் வாழ்ந்த பாவலனோ அதனையே வினவினான். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டி மீகாமன் கடலோடுகின்றான், நெடுந்தீவின் வெடியரசன் அவன் கலத்தை மறிக்கின்றான், போர் மூள்கின்றது. மூலத்தின் உயிர்நிலையாகிய மணியிலிருந்தே புதுக்கதை முளைத்தமையால் இது ஒட்டன்று, கிளையெனல் தகும்.

சேர்க்கையை அளத்தற்குரிய முதல் அளவுகோல் இதுவே: அது மூலத்தின் வித்திலிருந்து முளைத்ததா? ஹோர்ன்புளோவர் கதை இவ்வளவையிற் பெரும்பாலும் தேறுகின்றது. மூல ஆட்டத்தின் தலைவன் தன் விருப்பின்படி திரிபவன். கொள்ளையும் வாணிகமும் அவனுக்கு ஒன்றே. ஹோர்ன்புளோவரோ கடற்படையின் ஆணைக்குக் கட்டுண்டவன். அதே கடல், அதே காற்று, அதே பீரங்கி. எனினும் கடமை என்னும் கயிறு கட்டப்பட்டவுடன் ஆட்டத்தின் பொருளே வேறாகின்றது. விட்டு விலகிச் செல்லக்கூடிய கப்பலை எதிர்த்தே தீரவேண்டியிருப்பது நாவல் தந்த பேறு. ஏவிய இடம் செல்லலும், சொன்னவனைக் காணலும், மீண்டுவந்து உரைத்தலுமாகச் சில பகுதிகள் நீள்வது இதன் குறை. நிகழ்ச்சி மிகுகின்றது, தலைவனின் உள்ளமோ நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

இரண்டாம் அளவுகோல் இதனினும் கடியது. தோற்றவனுக்கு அக்கதையில் நா உண்டா? இவ்வாட்டத்தில் எதிரியின் பாயைக் கிழிக்கச் சங்கிலிக்குண்டும், ஆட்களை வீழ்த்தச் சிதறுகுண்டும், மரக்கலத்தை உடைக்க உருண்டைக் குண்டும் உள. எதிரிக் கலத்தில் ஏறி வாட்போர் வென்றபின் திரையில் தோன்றுவது சரக்குப் பட்டியல். எத்துணை மூடை, எத்துணை பீப்பாய் என எண்ணி ஏற்றியதும் கடல் மீண்டும் வெறுமையாகின்றது. மூழ்கிய கலத்துக்காக அழுவார் யாரும் இலர். வழக்குரையிலோ போருக்குப் பின் வெடியரசன் மனைவி நீலகேசரியின் புலம்பல் தனிப்பகுதியாக அமைகின்றது. மீகாமன் கொணரும் மணி கண்ணகிக்கு உரியது. பாடுவோரும் கேட்போரும் கண்ணகியின் அடியார். அவ்வாறிருந்தும் அவள் சிலம்பின் பொருட்டு அழிந்த இல்லத்தின் அழுகுரலை அவர்கள் மறைக்கவில்லை. பின்னர்க் கணவனை இழந்து கண்ணகி அழப்போகின்றாள் என்பதை அறிந்த அவையினர்க்கு, முன்னர் எழும் இவ்வழுகுரல் எத்துணைப் பொருளுடையது! செல்வமும் கணிப்பொறியும் இன்றி ஏட்டில் எழுதிய நாட்டுப்பாவலன், இவ்வொன்றில் இன்றைய ஆக்கத்தாரை வென்றுவிட்டான்.

இக்குறை நம்மவர்க்கு வெறும் கலைக்குறை அன்று. போர்த்துக்கேயர் கொடியையும் ஒல்லாந்தர் கொடியையும் ஆட்டத்தில் நாம் விரும்பியவாறு ஏற்றலாம். ஆயின் அக்கொடிகள் நம் கரைக்கு உண்மையாகவே வந்தவை. 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கினான். அடுத்த ஆண்டிலே செபால்ட் டி வேர்ட் வந்தான்; தான் பிடித்த போர்த்துக்கேயக் கலங்களில் இருந்தோரை விடுவித்தமை கண்டி மன்னன் விமலதருமசூரியனின் சினத்துக்கு ஏதுவாயிற்று; பூசல் முற்றி டி வேர்ட்டும் உடன்வந்தோரும் இக்கரையிலேயே மாண்டனர். 1628இற் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இவற்றையெல்லாம் கப்பலின் மேற்றளத்திலிருந்து காணும் கதை ஒன்று. தென்னைகளுக்கிடையே நின்று வரும் பாயை எண்ணியவன் காணும் கதை மற்றொன்று. நாம் ஆராய்ந்த ஆட்டம் முன்னையதையே தருகின்றது. ஆடுவோன் என்றும் கப்பற்றலைவனே.

ஆயினும் இவ்வடிவத்தின் சிறப்பு, அது மூடப்படாமையே. ஹோர்ன்புளோவருக்கு இடந்தந்த ஆட்டம் வெடியரசனுக்கும் இடந்தரும்; 1603ஆம் ஆண்டின் கரைமகனுக்கும் தரும். கணினிக் கல்வி பயிலும் நம் மாணவர் பிறர் சமைத்த கடலில் ஓடுவதோடு அமையாது, கடலோட்டுக் காதையையும் கையிலெடுத்துப் பயில்வாராக. கலத்தையும் காற்றையும் பிறர் செய்து வைத்துள்ளனர். நீலகேசரியின் குரல் நம் ஏட்டில் உள்ளது. அதனை அக்கடலிற் கேட்பிக்கும் பொறுப்பு நம்முடையதே.