பிளேயர் பழுதாகவில்லை

மார்க் ஹாலிஸ் 1998இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட ஒரே தனி ஆல்பத்தைப் போட்டால், முதலில் ஒன்றும் கேட்காது. ஏறக்குறைய 20 விநாடி கழித்துத்தான் பியானோ எட்டிப்பார்க்கும். அதற்குள் வால்யூமைக் கூட்டக் கை பரபரக்கும், கூட்டாதீர்கள். நம் அறை எவ்வளவு இரைச்சலானது என்பதை அந்த 20 விநாடி காட்டிக்கொடுத்துவிடும். மின்விசிறி, ஃபிரிட்ஜ், செல்போன் என்று அணைக்க முடிந்ததை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். இந்த ஆல்பம் விலைபோகாததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. காரிலும் கடையிலும் வானொலியிலும்தான் பாட்டு விலைபோகிறது. அங்கெல்லாம் இது காதிலேயே விழாது.

விற்கத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அவர் பாடிய டாக் டாக் குழுவின் ‘இட்ஸ் மை லைஃப்’ (1984) பாடலை 2003இல் நோ டவுட் குழு மறுபடி பாடி வெற்றி கண்டது. 1986இல் வந்த ‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ ஆல்பம் பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. அதற்குப் பிறகு ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ (1988), ‘லாஃபிங் ஸ்டாக்’ (1991) என்று ஒவ்வோர் ஆல்பத்திலும் சந்தையை விட்டு ஓரடி விலகினார். தனியாக வந்தபோது சிந்தசைசரும் இல்லை, மின்கிதாரும் இல்லை. பியானோ, ஆர்மோனியம், கிளாரினெட், பசூன், சாதாரண கிதார். அறையில் இரண்டு மைக்குகளை நிறுத்தி, கலைஞர்களை அருகிலும் தள்ளியும் உட்கார வைத்துப் பதிவு செய்தார். மிக்ஸிங் மேசையில் செய்யும் ஏற்ற இறக்கத்தை இங்கே நாற்காலியின் தூரம் செய்கிறது. ஆகவே முதல் தடவை மெட்டைக் கேளுங்கள். அடுத்த தடவை யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.

சொற்கள் புரியவில்லையே என்பார்கள். உண்மைதான், முணுமுணுப்புக்குச் சற்று மேலேதான் பாடுகிறார். ஆனால் அந்தக் குரலைக் கிளாரினெட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அதுவும் இன்னொரு காற்றுக் கருவியாகிவிடும். ‘எ லைஃப் (1895–1915)’ பாடலில் இது நன்றாகத் தெரியும். முதல் உலகப் போரில் 20 வயதில் மாண்ட ரோலண்ட் லெய்ட்டனை மனத்தில் வைத்து எழுதிய எட்டு நிமிடப் பாடல் அது. ஒரு மெட்டு நிலைகொள்ளும் முன்பே அடுத்ததற்கு இடம்விட்டு நகரும். பல்லவி திரும்பி வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். முடியப் போகும் வாழ்க்கைக்குத் திரும்பி வரும் பல்லவி எதற்கு?

தோற்றதெல்லாம் மகத்தானது என்று கொண்டாடுவது ரசிகர்களின் பழைய நோய். 2019இல் ஹாலிஸ் இறந்த பிறகு அது கூடியிருக்கிறது என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. விற்காத மோசமான ஆல்பங்கள்தான் உலகில் அதிகம். இதிலும் பிற்பகுதியில் ஒரே நிறம் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. ஆனால் இந்த ஆல்பத்தில் தோல்வியையும் அழகையும் பிரித்தெடுக்க முடியாது. சத்தத்தைக் கூட்டியிருந்தால் விற்றிருக்கலாம். அந்த நாற்காலிகளின் தூரம் அழிந்திருக்கும்.

அனுதாபம் கலக்காமல் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தனி ஆல்பத்தின் முதல் பாடலுக்கும் அவர் ‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ என்றே பெயர் வைத்தார். 1986 ஆல்பத்தைக் கேட்ட கையோடு அந்தப் பாடலைப் போட்டு, 12 ஆண்டுகளில் அவர் எதையெல்லாம் கழித்தார் என்று எண்ணிப்பாருங்கள். டிரம்ஸிலிருந்து தொடங்கலாம்.