நாற்பதில் நாய்க்குணமல்ல, மாணவகுணம்

ஆயக்குடிப் பேராசிரியர் ஒருவர் கொய்யாப்பழப் பையோடு வந்தார். கல்லூரியில் புதிதாக எக்ஸ்-ரே படிகவியல் கருவி வந்திருக்கிறதாம். "சாஃப்ட்வேர்தான் சார் உதைக்குது. இந்த வயசுல பசங்ககிட்ட கேக்கவும் கூச்சமா இருக்கு."

வெங்கி ராமகிருஷ்ணன் எழுதிய 'ஜீன் மெஷின்' (2018) புத்தகத்தைக் கொடுத்தேன். சிதம்பரத்தில் பிறந்தவர், இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு உயிரியலுக்குத் தாவியவர். படிகவியல் கற்க 1991-ல், 39 வயதில், கேம்பிரிட்ஜுக்கு மாணவன் மாதிரிப் போனார். ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009-ல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

தனக்குத் தெரியாததை ஒளிக்காததுதான் புத்தகத்தின் பலம். போட்டி, பரிசு அரசியலெல்லாம் சுவாரஸ்யம்தான். ஆனால் கணக்குப் போடும் பகுதியை நான் இன்னும் விரிவாக எதிர்பார்த்தேன். கருவி பதிவது புள்ளிகளின் பிரகாசத்தை மட்டுமே. அலைகளின் கட்டம் தொலைந்துபோகிறது. அதை மீட்டால்தான் மூலக்கூறின் உருவம் கிடைக்கும். இது புரியாமல் பட்டனை அழுத்தினால், தப்பான விடைகூட அழகான படமாக வந்து நிற்கும்.

போன வாரம் பேராசிரியர் போன் செய்தார். "ஒரு பையன்கிட்ட கேட்டுட்டேன் சார். அவனுக்கும் பாதிதான் தெரியுது. சேர்ந்து படிக்கிறோம்."