ஈமாக்சின் மூன்றாவது அடைமொழி

ரிச்சட் ஸ்ரோல்மன் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈமாக்ஸ் பற்றிய கட்டுரை, கணனியில் உரைகளை எழுதவும் திருத்தவும் பயன்படும் தொகுப்பிக்கு மூன்று அடைமொழிகளைத் தலைப்பிலேயே சூட்டியது. விரிவுபடுத்தத்தக்கது, தன்வயப்படுத்தத்தக்கது, தன்னைத்தானே விளக்குவது என்பன அவை. முன்னிரண்டையும் போற்றுவோர் பலர். மூன்றாவதை ஊன்றி நோக்கியோர் சிலரே. ஏனையிரண்டும் பொருள் பெறுவது மூன்றாவதனாலேயே என்பது எமது கருத்து.

ஈமாக்சைத் தனிமனித சுதந்திரத்தின் வெளிப்பாடாகக் காண்பது வழக்கமாகிவிட்டது. வரலாறு இதற்கு முழுமையாக இடந்தருவதில்லை. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்மதி ஆய்வுகூடத்தில் ரெக்கோ என்னும் தொகுப்பியின்மீது அவரவர் தத்தமக்கெனக் கட்டளைத் தொகுதிகளை அமைத்துக்கொண்டனர். அவை பல்கிப் பெருகி ஒன்றோடொன்று பொருந்தாது போயின. அவற்றை ஒருங்கிணைக்கும் முயற்சியைக் கை ஸ்ரீல் தொடக்கிவைக்க, 1976இல் ஸ்ரோல்மன் அதனை ஈமாக்சாக உருவாக்கினார். திருத்தங்களைச் செய்வோர் அவற்றைத் தம்மிடம் திருப்பியளித்தல் வேண்டும் என்றும் அவர் எதிர்பார்த்தார். ஆகவே ஈமாக்ஸ் தன்வயப்படுத்தலின் மிகையிலிருந்து மீள்வதற்கான முயற்சியாகவே பிறந்தது எனலாம்.

கட்டுரை காட்டும் வேறுபாடொன்றும் நோக்கற்பாலது. உள்ள கட்டளையொன்றைச் சிறிது மாற்றிக்கொள்ளல் தன்வயப்படுத்தல். புதிய கட்டளையை எழுதிச் சேர்த்தல் விரிவுபடுத்தல். இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை எத்துணை மெல்லியது என்பதற்குப் பேணாட் கிறீன்பேக் 1978இல் மல்ரிக்ஸ் கணனிக்கென லிஸ்ப் மொழியில் எழுதிய ஈமாக்ஸ் சான்றாகும். அவருடைய அலுவலகச் செயலாளர்கள் அதனை விரிவுபடுத்தக் கற்றனர் என்றும், அவர்களது கைந்நூல் அச்செயலை நிரலாக்கம் என்று குறிப்பிடாமையால் அவர்கள் அஞ்சவில்லை என்றும் ஸ்ரோல்மன் பிற்காலத்தில் கூறியுள்ளார். பயன்படுத்துவோர், ஆக்குவோர் என்ற பாகுபாடு அங்கே கரைந்தது.

இன்று அப்பாகுபாடு செருகிகளின் வழியே மீண்டுள்ளது. 2015இல் வெளிவந்த விசுவல் ஸ்ரூடியோ கோட் செருகிகளைத் தனியானதொரு செயன்முறையில் இயக்குகின்றது. வகுத்தளித்த இடைமுகத்துக்கு அப்பால் அவை தொகுப்பியின் தோற்றத்தை நேரடியாக மாற்றவியலாது. இதனை வெறும் அடக்குமுறையாகக் கொள்ளல் நியாயமன்று. ஈமாக்சில் பிழைபட்ட நிரலொன்று தொகுப்பி முழுவதையுமே உறையச் செய்துவிடும். அதனை அனுபவித்தோர் கோட்டின் வேலியைப் பழியார். எனினும் வேலிக்கு அப்பால் யாதுளது என்று அறியும் வேட்கையும் அதனோடு குன்றுகின்றது.

கனூ ஈமாக்சில் ஒரு விசை யாது செய்யும் எனத் தொகுப்பியையே வினவலாம். விளக்கம் தோன்றும், அங்கிருந்து மூலநிரலுக்குச் செல்லலாம், அதனைத் திருத்தி, தொகுப்பியை நிறுத்தாமலே மாற்றத்தைக் காணலாம். இத்தகைய வசதியிருந்தும், பிறர் எழுதிய அமைப்புக் கோப்பை வரிவரியாகப் பெயர்த்துத் தமதாக்கிக்கொள்வோர் ஈமாக்ஸ் பயில்வோரிடையேயும் உளர். அவ்வரிகளுள் ஒன்றன் பயனை வினவின், ஈமாக்ஸ் விடை கூறும். கோப்பின் உரிமையாளர் கூறார்.