நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு அப்பால்

கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஜி.எஸ்.டி. சாலையும் ஊடறுத்துச் செல்லும் செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துப் பக்கமோ மதுராந்தகத்துப் பக்கமோ வண்டி மோதித் தலையில் அடிபட்டவர் நினைவிழந்து மருத்துவமனை வந்து சேர்வது புதுமையான செய்தியன்று. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற விபத்துச் சிகிச்சைத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட மேல்மருவத்தூர் இம்மாவட்டத்தைச் சேர்ந்தது. மூளைச்சாவு என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் வீடுதோறும் அறியச் செய்த சிறுவன் ஹிதேந்திரனின் திருக்கழுக்குன்றமும் இம்மாவட்டத்ததே. விபத்தின் முதல் இரண்டு நாட்களுக்கும், மூளை முற்றும் மாண்டுபோன நிலைக்கும் செவ்வையான முறை வகுத்துவிட்ட நாம், இவ்விரண்டுக்கும் நடுவே கண் விழித்தும் பிரக்ஞையின்றிக் கிடப்பவர்களுக்கு அதற்கு ஈடான முறை எதையும் வகுக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

வகுத்த இரண்டின் சிறப்பைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. எந்த மாநிலத்தவரானாலும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை அரசு ஏற்பதால், பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. மூளைச்சாவு விஷயத்திலோ, 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நான்கு மருத்துவர்களின் கையொப்பத்தையும், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதனையையும் கேட்கிறது. 2008 செப்டம்பரில் தானமாக அளிக்கப்பட்ட ஹிதேந்திரனின் இதயம் சென்னை வீதிகளில் பதினோரு நிமிடத்தில் முகப்பேருக்குப் போய்ச் சேர்ந்ததைப் புகழ்கிற நாம், அதற்கு முன் நிகழ்ந்த இந்த நிதானத்தைப் புகழ மறந்துவிடுகிறோம்.

நடுவில் கிடப்பவர் கதை வேறு. ஆழ்ந்த மயக்கம் பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. பிழைத்தவர் கண் திறக்கிறார். “கண்ணு தொறந்துட்டாரு, ஆனா ஆளைத் தெரியல” என்று உறவினர் சொல்லும் இந்த ஸ்திதியை 1972இல் மருத்துவர்கள் பிரையன் ஜென்னட்டும் பிரெட் பிளம்மும் தனியே இனங்கண்டு பெயரிட்டார்கள். அதனினும் ஒரு படி மேலாக, எப்போதாவது பார்வையால் பின்தொடர்வதும் சொன்னதைச் செய்வதுமாகிய குறையுணர்வு நிலைக்கு 2002இல்தான் இலக்கணம் வகுக்கப்பட்டது. எல்லாவற்றையும் ‘கோமா’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவது உறவினர் மட்டும் செய்யும் பிழையன்று. உணர்வே இல்லை என்று மருத்துவக் குழுவினர் ஒருமித்து நிர்ணயித்த 44 பேரை முறையான அளவுகோலால் சோதித்தபோது, 18 பேரிடம் உணர்வின் அடையாளம் தென்பட்டதென 2009இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வு ஒன்று காட்டியது. முதல் மணி நேரங்களுக்கு உதவும் கிளாஸ்கோ அளவுகோலை (அதை 1974இல் டீஸ்டேலுடன் சேர்ந்து ஆக்கியவரும் அதே ஜென்னட்தான்) மாதக்கணக்கில் படுத்திருப்பவருக்கும் வைத்து அளந்தால், நுட்பமான மாறுதல்கள் அதில் அகப்படா.

இதற்கு வேண்டியது பெரிய யந்திரமன்று. 2004இல் திருத்தி வெளியிடப்பட்ட கோமா மீட்சி அளவுகோலுக்கு அரைமணி நேரமும் கைக்கண்ணாடி போன்ற எளிய பொருள்களும் போதும். வேறெந்தப் பொருளையும் தொடராத விழி, கண்ணாடியில் தெரியும் தன் முகத்தைத் தொடர்வதுண்டு. பிரக்ஞை நாளுக்கு நாள், வேளைக்கு வேளை ஏறி இறங்குவதால் சோதனையைப் பலமுறை செய்தாகவேண்டும். மரணத்தை உறுதிசெய்ய இரண்டு பரிசோதனை கேட்கும் நாம், உயிரோடிருப்பவருக்கு உணர்வில்லையென்று சொல்லக் காலை ரவுண்டில் ஒருமுறை கிள்ளிப் பார்ப்பதோடு திருப்தியடைவது விசித்திரம்தான். வார்டில் நிற்கும் மருத்துவருக்கு நேரமில்லை என்பது மெய். செவிலியரையும் பிசியோதெரபி செய்பவரையும் பழக்கலாமே.

எதிர்ப்பக்கத்து மிகையும் உண்டு. டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னபோது உணர்வில்லை எனக் கருதப்பட்ட ஒரு பெண்ணின் மூளை விடையளித்ததை நரம்பியல் விஞ்ஞானி ஏட்ரியன் ஓவன் 2006இல் ஸ்கேன் வழியே காட்டியதைக் கேட்டு, நகைகளை அடகு வைத்து ஸ்கேனுக்கு ஓடுவதால் நோயாளி எழுந்துவிடப் போவதில்லை. 184 பேரிடம் சோதித்து 2012இல் வெளியிடப்பட்ட அமன்டடின் மருந்தும் மீட்சியைத் துரிதப்படுத்தியதே தவிர, நிறுத்தியதும் அந்த வேகம் தணிந்தது. படுக்கைப்புண்ணும், புரையேறி நெஞ்சில் சேரும் சளியும் இவர்களின் உயிருக்கே ஆபத்தானவை. அவற்றைத் தடுக்கும் உழைப்பு, சதுரங்கப்பட்டினத்திலோ கோவளத்திலோ ஒரு மனைவியின் தலையில், அல்லது தாயின் தலையில்தான் விழுகிறது.

2021 முதல் வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் இவ்வீடுகளுக்குப் புதியவரல்லர். கோமா மீட்சி அளவுகோலை அவர்களிடம் கொடுத்து, மாதந்தோறும் குறித்த எண்ணைச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பச் செய்தால், தேறுபவர் யாரென்று தெரியும். தேறாதவர் யாரென்றும் தெரியும். செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்துவது குறித்து உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து 2023இல் எளிதாக்கிய நெறிகளை நாடும் குடும்பத்துக்கு, அந்த இரண்டாவது விடையும் தேவைப்படும்.