விருப்பப் பட்டியலும் விமர்சனமும்
திரைப்படச் சுவைஞரின் ஒப்பீட்டுப் பேச்சுப் பற்றிய ஒரு நோக்கு

1

கலையை நுகர்தல் தனிமனித அனுபவமாக இருக்கலாம்; நுகர்ந்த கலையைப் பற்றிப் பேசுதல் எப்பொழுதும் சமூக அனுபவமே. நாவலொன்றைப் படித்தவர் அதனைத் தம்முள்ளேயே வைத்துக்கொண்டு நெடுநாள் இருந்துவிடுதல் கூடும். திரைப்படம் பார்த்தவரால் அது பெரும்பாலும் இயலுவதில்லை. அரங்கின் வாயிலைக் கடக்கும்போதே பேச்சுத் தொடங்கிவிடுகின்றது. பல்கலைக்கழக விடுதி வாழ்க்கையை அறிந்தோர்க்கு இப்பேச்சின் போக்குப் புதியதன்று. நள்ளிரவு கடந்தும் நீளும் உரையாடல் ஏதோவொரு கட்டத்தில், "உமக்குப் பிடித்த பத்துப் படங்கள் எவை?" என்னும் வினாவில் வந்து நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகையதோர் இரவில் நானும் உடனிருந்தேன். முதலிற் பேசியவர் சத்தியஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யைத் தம் பட்டியலின் தலையில் வைத்தார். தொடர்ந்து டி சிக்கா, குறோசாவா ஆகியோரின் பெயர்கள் வந்தன. அடுத்திருந்த மாணவர் சற்றும் தயங்காது, "எனக்குப் 'பாசமலர்' தான் முதல்" என்றார். சிரிப்பெழுந்தது. மற்றொருவர் சமாதானம் செய்யும் நோக்குடன், "ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விருப்பம், அதிலே வாதிட என்ன இருக்கின்றது?" என்றார். பேச்சு அத்துடன் முடிந்தது. சில வாரங்களின் பின் அதே வினா மீண்டும் எழுந்தபோது, முன்னர் நகைப்புக்கு உள்ளானவர் குற்றங் காணவியலாத ஒரு பட்டியலை ஒப்புவித்தார். அதிற் 'பாசமலர்' இல்லை. அப்பட்டியலிலிருந்த படங்களுட் பலவற்றை அவர் பார்த்ததுமில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இந்நிகழ்ச்சி சிறியது. ஆயினும் கலை பற்றிய நமது பேச்சிலுள்ள இரு குறைபாடுகளை அது ஒருங்கே காட்டுகின்றது. ஒன்று, விருப்பத்தைத் தராதரச் சின்னமாக்கி, அச்சின்னம் இல்லாதவரை எள்ளுதல். மற்றையது, விருப்பம் விவாதத்திற்கு அப்பாற்பட்டது எனக் கூறி விலகிக்கொள்ளுதல். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், 'ஏன்?' என்ற வினாவைத் தவிர்ப்பதில் இரண்டும் ஒன்றே. அவ்வினா எழும் இடத்திலேதான் விருப்பம் விமர்சனமாகத் தொடங்குகின்றது.

2

விருப்பப் பட்டியல்களுள் உலகளவிற் பெருமதிப்புப் பெற்றது, பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் சஞ்சிகையாகிய 'சைற் அன்ட் சவுண்ட்' 1952 முதற் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடமிருந்து திரட்டிவருவதாகும். ஒவ்வொருவரும் பத்துப் படங்களைக் குறிப்பிடுவர். ஒருவர் குறிப்பிடும் படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு எனக் கணக்கிடப்படும். முறை எளியது. அதன் வரலாறோ சிந்தனைக்குரியது.

1952இல் முதலிடம் பெற்றது விற்றோறியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்' (1948). அப்பொழுது அப்படத்தின் வயது நான்கே. படுக்கை விரிப்புகளை அடகு வைத்து மீட்ட சைக்கிளைப் பறிகொடுக்கும் தொழிலாளியின் கதை அது. அமெரிக்க நடிகை ஒருத்தியின் சுவரொட்டியை அவன் ஒட்டிக்கொண்டிருக்கும் வேளையிலேயே சைக்கிள் களவு போகின்றது. கனவை விற்கும் திரைப்படத்துக்கும் வாழ்க்கையைக் காட்டும் திரைப்படத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு காட்சியே உணர்த்திவிடுகின்றது. போரிலிருந்து மீண்ட ஐரோப்பா அதனைத் தன் படமாகக் கொண்டதில் வியப்பில்லை. எனினும் இருபது ஆண்டுகளின் பின், 1972ஆம் ஆண்டுப் பட்டியலின் முதற் பத்தில் அப்படம் இடம்பெறவில்லை.

மறுபுறம், 1952இல் முதற் பத்துக்குள் வராத ஒர்சன் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' (1941), 1962 தொடக்கம் 2002 வரை ஐந்து தடவைகள் தொடர்ந்து முதலிடம் வகித்தது. 2012இல் ஹிட்ச்கொக்கின் 'வேர்ட்டிகோ' (1958) அதனை இடம்பெயர்த்தது. 2022இல் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட கணிப்பில், பெல்ஜிய நெறியாளர் ஷான்ரால் அகெர்மானின் 'ழான் டீல்மான்' (1975) முதலாவதாக வந்தது. பெண்ணொருவர் நெறிப்படுத்திய படம் அவ்விடத்தை அடைந்தது அதுவே முதற்றடவை. பிரசல்ஸ் நகரில் வாழும் விதவைத் தாயொருத்தியின் மூன்று நாள்களை மூன்று மணி நேரத்துக்கு மேலாகக் காட்டும் படம் அது. அவள் உருளைக்கிழங்கு தோல் சீவுவதையும் பாத்திரம் கழுவுவதையும் கமரா அசையாது நின்று பார்க்கின்றது.

இப்படங்களுள் எதுவும் இடையில் மாறிவிடவில்லை. மாறியவர்கள் பார்வையாளர்களே. எனவே மதிப்பீடு என ஒன்றில்லை, எல்லாம் காலத்தின் மோகம் என்று சிலர் முடிவுகட்டுதல் கூடும். அம்முடிவு அவசரமானது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னாலும் நியாயங்கள் இருந்தன. 'சிற்றிசன் கேன்' உயர்ந்தமைக்கு, முன்புலத்தையும் பின்புலத்தையும் ஒரே தெளிவுடன் காட்டும் அதன் ஒளிப்பதிவைப் பற்றிப் பிரெஞ்சு விமர்சகர் அந்திரே பசான் முதலானோர் நிகழ்த்திய விவாதங்கள் துணைநின்றன. 'ழான் டீல்மான்' உயர்ந்தமைக்கு, 1970கள் முதல் வளர்ந்துவந்த பெண்ணிலைவாத விமர்சனம் துணைநின்றது. சமையலறை உழைப்பும் உழைப்பே, அதுவும் கலைக்குப் பொருளாகும் என்பதை ஒரு தலைமுறை வாதிட்டு நிலைநாட்டிய பின்னரே அப்படத்தின் அசையாத கமராவுக்குப் பொருள் துலங்கிற்று. பட்டியல்கள் மாறுவது, மதிப்பீடு வெறும் மாயை என்பதற்குச் சான்றாகாது. வாதங்கள் வலிமையுடையன என்பதற்கே சான்றாகும்.

3

பட்டியல் எதனைக் காட்டுகின்றது என்னும் வினாவுக்கு இன்னொரு விடையும் உண்டு. ஒருவர் எவற்றை விரும்புகிறார் என்பதை மட்டுமன்றி, எவற்றைப் பார்க்கும் வாய்ப்பைப் பெற்றார் என்பதையும் அது காட்டுகின்றது. யசுஜிறோ ஓசுவின் 'ரோக்கியோ கதை' 1953இல் வெளிவந்தது. 'சைற் அன்ட் சவுண்ட்' பட்டியலின் முதற் பத்துக்குள் அது வந்தது 1992இலேயே. இடைப்பட்ட நான்கு தசாப்தங்களில் மேலைநாட்டு விமர்சகரின் இரசனை குன்றியிருந்தது என்று எவரும் கூறார். நெடுங்காலம் அப்படம் அவர்களுக்கு எளிதிற் கிடைக்கவில்லை என்பதே உண்மை.

வாய்ப்பு ஏற்பட்டவிடத்து என்ன நிகழும் என்பதற்குக் கல்கத்தா சான்று பகரும். 1947இல் சத்தியஜித் ரேயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர் சிலருடன் அங்கு ஒரு திரைப்படச் சங்கத்தை நிறுவினர். பிறநாட்டுப் படங்களைத் தருவித்துப் பார்ப்பதும், பார்த்தவற்றைப் பற்றி வாதிடுவதும் அதன் பணிகளாயின. 1950இல் இலண்டனிற் 'சைக்கிள் திருடர்' படத்தைப் பார்த்த ரே, தாம் எண்ணியிருந்த படத்தை எவ்வாறு எடுக்கலாம் என்ற தெளிவைப் பெற்றார். 1955இற் 'பதேர் பாஞ்சாலி' பிறந்தது. அச்சங்கத்தின் உரையாடல்கள் ஒரு கலைஞனின் கண்ணைப் பழக்கிய பயிற்சிகளாகவும் அமைந்தன.

நமது சூழலை இதனோடு வைத்து நோக்குதல் வேண்டும். 1970களில் இந்நாட்டின் திரைப்பட இறக்குமதி அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1990இன் பின் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணத்தில், ஜெனறேற்றரையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஊரார் ஒரு வீட்டு முற்றத்திற் கூடி இரவிரவாகப் படம் பார்த்தனர். கிடைத்த பிரதியே அவர்களின் பட்டியலாயிற்று. இன்று கைத்தொலைபேசியில் உலகத் திரைப்படங்கள் பலவும் வந்து சேருகின்றன. ஆயினும் அவற்றின் உபதலைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. வேகமாக ஆங்கிலம் வாசிக்கப் பழகியவர்க்கு யப்பானியப் படம் அண்மையிலுள்ளது. தமிழ்மொழி மூலம் கற்றுவந்த மாணவர்க்கு அது இன்னும் தொலைவிலேயே உள்ளது. விடுதியில் எழுந்த சிரிப்பில் இந்த வேறுபாடும் கலந்திருந்தது. இரசனையின் உயர்வு எனச் சிரித்தவர்கள் எண்ணியதில் ஒரு பகுதி, வாய்ப்பின் உயர்வே.

4

வாய்ப்பின்மையை உணர்ந்து பரிவு காட்டினாற் போதுமா? போதாது. பரிவும் ஒருவகையில் விவாதத்தைத் தவிர்ப்பதே. அன்றிரவு எதிரெதிராக வைக்கப்பட்ட இரு படங்களையும் ஒப்புநோக்குவது பயனுடைத்து. இரண்டும் உடன்பிறப்பின் கதைகள். இரண்டும் பார்ப்போரை அழச்செய்பவை.

ஏ. பீம்சிங் நெறிப்படுத்திய 'பாசமலர்' (1961) படத்தில், தங்கை ராதா பொம்மை செய்து சேர்த்த சிறுதொகையே அண்ணன் ராஜசேகரன் தொழில் தொடங்குவதற்கு முதலாகின்றது. அவன் முதலாளியாகிறான். முன்னர் அவனோடு தொழிலாளியாயிருந்த ஆனந்தன், பின்னர் அவனுடைய ஆலையிலேயே தொழிலாளர் பக்கம் நின்று போராடுகிறான். முதலுக்கும் உழைப்புக்குமான முரண்பாடு கதையின் நடுவிலேயே தோன்றிவிடுகின்றது. அடுத்து நிகழ்வது யாது? ஆனந்தன் ராதாவை மணக்கிறான். தொழிற் பிணக்குக் குடும்பப் பிணக்காக உருமாறுகின்றது. அதற்கும் காரணம் அத்தையொருத்தியின் பொல்லாங்கு எனக் காட்டப்படுகின்றது. ராதாவின் உழைப்பு மறக்கப்படுகின்றது. அவள் பாசத்தின் உருவமாக மட்டுமே எஞ்சுகிறாள். பார்ப்போரின் கண்ணீர், படமே எழுப்பிய வினாவை அழித்துவிடுகின்றது.

'பதேர் பாஞ்சாலி'யிற் கண்ணீரின் தொழில் வேறு. அயலார் வீட்டுப் பாசிமணி மாலையைத் திருடியதாகத் துர்க்கா குற்றஞ்சாட்டப்படுகிறாள்; அவள் மறுக்கிறாள். அவள் இறந்தபின், ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில் தம்பி அப்பு அம்மாலையைக் கண்டெடுக்கிறான். ஒருவருக்கும் சொல்லாமற் குளத்தில் எறிகிறான். பாசி விலகி மீண்டும் மூடிக்கொள்கின்றது. உடன்பிறப்பின் பாசம் இங்கு ஒரு சொல்லாலும் கூறப்படவில்லை. ஆனால் அப்பாசத்தோடு வறுமையும், வறுமையால் விளைந்த களவும், களவின் அவமானமும் பிரிக்கவியலாது நிற்கின்றன. அழுகை அடங்கிய பின்னரும் வினா அடங்குவதில்லை. 'பதேர் பாஞ்சாலி' உயர்ந்த படைப்பு என நாம் கூறுவது இக்காரணத்தாலேயே.

எனினும் ஒப்பீடு இவ்விடத்தில் முற்றுப்பெறவில்லை. பின்னொரு நாள், முன்னர் கேட்கத் தவறிய வினாவை அந்த மாணவரிடம் கேட்டேன். அவர் சொன்ன விடை இது: எல்லை வேலி பற்றிய வழக்கொன்றினால் அவருடைய தாயும் தாய்மாமனும் பதினொரு ஆண்டுகள் முகம்பார்த்துப் பேசியதில்லை. பிரிந்து வாழும் அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தாலாட்டும் பாடற் காட்சி வந்தபோது, அயல் வீட்டு முற்றத்திற் படம் பார்த்துக்கொண்டிருந்த தாய் எழுந்து சென்றுவிட்டார். மகன் பின்னாற் போனான். "அண்டைக்குத்தான் அம்மா அழுததை நான் முதன்முதல் கண்டனான்" என்றார்.

இவ்விடை என்னைத் திருத்தியது. நமது தாலாட்டு மரபில் தாய்மாமன் பெறும் இடம் யாவரும் அறிந்ததே. தாய் தன் குழந்தையைத் தாலாட்டும்போது தான் பிறந்த வீட்டையும் உடன்பிறந்தானையுமே பெரிதும் பாடுகிறாள். 'பாசமலர்' அம்மரபை எடுத்து, பிரிந்துபோன இரு வீடுகளை ஒரே பாடலால் இணைக்கின்றது. காணியும் வேலியும் உறவைப் பிளக்கும் சமூகத்தில் அக்காட்சி வெறும் மிகையுணர்ச்சியன்று. அப்படம் உண்மையான ஒரு புண்ணைத் தொடுகின்றது. தொட்டபின் அப்புண்ணின் காரணத்தை மறைத்துவிடுகின்றது. முதற்கூற்றை அந்த மாணவரே எனக்குக் கற்பித்தார். இரண்டாவதை நான் கூறியபோது, அவர் நெடுநேரம் மறுத்து வாதிட்டார். அவர் மறுத்தமையே எனக்கு மகிழ்ச்சி தந்தது. தம் விருப்பத்தை மறைக்காத ஒருவரே அதற்காக வாதிட முடியும்.

5

பல்கலைக்கழகத் திரைப்பட வட்டமொன்றின் கடமை யாது என்பது இதனாற் புலனாகும். உன்னதப் படங்களின் பெயர்களைப் பரப்புவது மட்டும் அதன் கடமையன்று. பெயர்கள் விரைவிற் பரவும். அவற்றை மனனஞ் செய்வதும் எளிது. விரும்பியதை அச்சமின்றிச் சொல்லவும், சொன்னதற்குக் காட்சியையும் கட்டமைப்பையும் சுட்டிக் காரணங் காட்டவும், பிறர் விரும்பிய படத்தை மீண்டும் ஒருமுறை பொறுமையுடன் பார்க்கவும் பழக்குவதே அதன் பணி. அத்துடன், ஆங்கிலம் கைவராதவருக்கு உரையாடல்களைத் தமிழில் எழுதி வழங்கும் சிறு முயற்சியையேனும் அது மேற்கொள்ளல் வேண்டும்.

இத்தகைய பேச்சு இல்லாமையால் நாம் இழந்தவை உண்டு. சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்து வாழ்வை, அதன் சாதியையும் சீதனத்தையும், கண்முன் நிறுத்தித் தமிழிலேயே எடுத்த 'பொன்மணி' (1977) அரங்குகளில் வெற்றி பெறவில்லை. நமது முற்றத்தையே காட்டிய படத்தைப் பார்க்க நமக்குப் பழக்கமிருக்கவில்லை. பாடலும் வீரமும் நிறைந்த படங்களோடு அதனை ஒப்பிட்டு, இரண்டினதும் நியாயங்களைப் பொதுவில் விவாதிக்கப் போதிய களமும் இருக்கவில்லை. விடுதி அறைகளில் இன்று சொல்லப்படும் பட்டியல்களுள் எத்தனையில் அப்படம் இடம்பெறுகின்றது?

பட்டியல்கள் இனியும் மாறும். 2032இல் வரவேண்டிய அடுத்த கணிப்பில் எப்படம் தலைமை பெறும் என்பதை இன்று எவரும் அறியார். அது பெரிதன்று. அருகிலிருக்கும் ஒருவர் தம் மனத்துக்குகந்த படத்தின் பெயரைச் சொல்லும்போது நாம் சிரிக்கின்றோமா, விலகிக்கொள்கின்றோமா, அன்றி 'ஏன்?' என்று கேட்கின்றோமா என்பதே பெரிது. நமது விமர்சன மரபு வளர்வதும் தேய்வதும் அதனைப் பொறுத்ததேயாம்.