யார் கையில் பொத்தான்?

மார்பகப் புற்றுநோயைத் தேடும் மேமோகிராம் பரிசோதனை அறையில் நடப்பது சில நிமிட வேலைதான். மேலாடையைக் களைந்து இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். டெக்னீஷியன் மார்பைத் தூக்கிக் கீழ்த்தட்டில் பொருத்துவார். மேலிருந்து பிளாஸ்டிக் தட்டு இறங்கி அழுத்தும். "மூச்சைப் பிடிங்கம்மா" என்பார். சில நொடிகளில் தட்டு விலகிவிடும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு படங்கள். இந்த நொடிகளுக்குப் பயந்தே மறுமுறை வராதவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வராத பெண்களிடம் காரணம் கேட்ட ஆய்வுகளை 2013இல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. ஆய்வுக்கு ஆய்வு கால் பங்கு முதல் பாதியை நெருங்கும் அளவுவரை பெண்கள் வலியைக் காரணமாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே வலியைச் 'சின்ன அசௌகரியம்' என்று தள்ளிவிடுவது மருத்துவ நோக்கில்கூடத் தவறு.

அழுத்தத்தையே கைவிடவும் முடியாது. அழுத்தினால்தான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் விரிந்து தனித்தனியாகத் தெரியும், அசைவால் படம் மங்காது, கதிர்வீச்சும் குறைவாகப் போதும். அப்படியானால் வலியை எப்படிக் குறைப்பது? காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு இதைத்தான் அலசியது. தட்டில் மெத்தை வைத்தால் வலி குறைந்தது, ஆனால் சிலருக்குப் படத்தின் தரம் கெட்டது. முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்ததில் பலனில்லை. டெக்னீஷியன் தாமே அழுத்தத்தைக் குறைத்தபோதும் பெண்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பலன் தரக்கூடியவையாகத் தெரிந்தவை இரண்டு: என்ன நடக்கப்போகிறது என்று முன்பே விளக்குவது, அழுத்தத்தைப் பெண்ணின் பொறுப்பில் விடுவது.

இரண்டாவதை ஜிஇ நிறுவனம் கருவியாகவே ஆக்கியது. பெண் தன் கையிலுள்ள ரிமோட்டால் தட்டை இறக்கிக்கொள்ளும் இயந்திரத்துக்கு 2017இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. பெண்கள் தயங்கித் தயங்கி அழுத்துவார்கள், படம் கெடும் என்ற அச்சம் இயல்பானதே. அதைச் சோதித்தது பிரான்சின் ஆறு புற்றுநோய் மையங்களில் 549 பெண்களிடம் நடந்து, 2019இல் வெளியான ஆய்வு. தாமே அழுத்திக்கொண்டவர்களின் படங்கள் தரத்தில் குறையவில்லை. இன்னும் வியப்பு, அவர்கள் கொடுத்த அழுத்தம் மற்ற பெண்களுக்கு டெக்னீஷியன் கொடுத்ததைவிட அதிகம். சொன்ன வலியோ குறைவு.

என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. எப்போது நிற்கும் என்று தெரியாத அழுத்தம், அளவில் சிறியதானாலும் கூடுதலாக வலிக்கிறது. ஆனால் ரிமோட்டை ஒரேயடியாகப் புகழ்வதற்கில்லை. வலியில் தெரிந்த வித்தியாசம் பெரிதல்ல. அழுத்துவது யார் என்பதை ஆய்வில் பங்கேற்றவர்களிடம் மறைக்கவும் வழியில்லை. புதுமையே வலி மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை வேறு. பதற்றம் தட்டு விலகியதும் தீர்ந்துவிடுவதில்லை. 'இன்னொரு படம் எடுக்கணும்' என்று அழைக்கப்பட்டு, கடைசியில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்துகொண்டவர்களை டென்மார்க்கில் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களிடம் அந்த மனச்சுமை மிச்சமிருந்ததாக 2013இல் எழுதினார்கள். ரிமோட்டுக்கு இதில் வேலையே இல்லை.

ஆகவே பெண்ணிடம் கட்டுப்பாட்டைக் கொடு என்ற கொள்கைக்கு என் முழு ஆதரவு உண்டு. அதற்காகப் புது இயந்திரம் வாங்குவது அடுத்த கட்டம். நம் ஊர் ஸ்கேன் மையங்களில் "கழட்டிட்டு உள்ள வாங்க" என்பதோடு விளக்கம் முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே முதலில் வர வேண்டியவை செலவில்லாதவை. மாதவிடாய் நிற்காதவர்களை, மார்பில் வலி குறைந்திருக்கும் மாதவிலக்குக்கு அடுத்த வாரத்தில் வரச் சொல்லலாம். தட்டு இறங்கும் முன் எத்தனை நொடி என்று சொல்லி, "போதும்னா சொல்லுங்கம்மா, நிறுத்திடறேன்" என்று வாக்குக் கொடுத்து, சொன்னதும் நிறுத்த வேண்டும். மறுபடி அழைத்தால் ஏன் என்பதையும், அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்பதையும் அதே போனில் சொல்ல வேண்டும். இவற்றைச் செய்யாத மையம் ரிமோட் வாங்கினால் அது விளம்பரத்துக்குத்தான் உதவும். செய்துவிட்டு வாங்கும் மையத்தை நான் மனமார வரவேற்பேன்.